'எஸ்'ஸா, 'என்'னா? ஓசூர் மெஷின் ஷாப் முதல் கிருஷ்ணகிரி மாந்தோப்பு வரை... இரண்டு வகை ஆளுமையைப் பிரித்தறிவது எப்படி?

ஓசூர் சிப்காட்டில் மூன்றாவது ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் அதிகாலை 2 மணி. சி.என்.சி லேத்தில் இருந்து வெளியே வரும் ஷாஃப்ட்டுகளின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போகிறது. ரிஜெக்‌ஷன் டப்பா நிறைகிறது. மெஷின் முன்னால் இரண்டு பேர் நிற்கிறார்கள்.

ஒருவர் மைக்ரோமீட்டரை எடுத்து கடைசியாக வந்த பத்து பீஸையும் வரிசையாக அளக்கிறார், நோட்டில் எழுதுகிறார். "ஒவ்வொரு பீஸுக்கும் 2 மைக்ரான் ஏறுதுண்ணா. இன்சர்ட் தேயுது. கழட்டிப் பாத்துடலாம்" என்கிறார்.

இன்னொருவர் அளவைப் பார்க்கவே இல்லை. "புது லாட் கம்பி இறங்கினதுல இருந்துதான்பா இந்தத் தொல்லை. போன தடவை சப்ளையர் மாறினப்பவும் இதே கதைதான். மெட்டீரியல் கெட்டியா இருக்கும் போல. இன்னிக்கு இன்சர்ட் மாத்தினா நாளைக்கும் தேயும்" என்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். கம்பி கடினமாக இருந்தால் இன்சர்ட் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் ஷாஃப்ட்டின் வெளி அளவு கூடும். ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முதலில் எதைத் தொட்டார்கள் என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் ஆளுமைச் சோதனைகளில் 'எஸ்' என்றும் 'என்' என்றும் பெயர்.

எம்.பி.டி.ஐ என்ற மையர்ஸ் - பிரிக்ஸ் சோதனையும், அதைப் பார்த்து இணையத்தில் முளைத்த இலவச சோதனைகளும் இன்று கல்லூரி பிளேஸ்மென்ட் பயிற்சி, கம்பெனி இண்டக்‌ஷன் வகுப்பு, வாட்ஸ்அப் குரூப் என்று எங்கும் வருகின்றன. நான்கு எழுத்து கிடைக்கிறது. ஜாலியாக ஸ்டேட்டஸ் வைப்பதோடு முடிந்தால் பிரச்சினை இல்லை. "நீ எஸ் டைப்மா, உனக்கு லைன்தான் செட் ஆகும், டிசைன் பக்கம்லாம் வேணாம்" என்று ஒரு டிரெய்னி பெண்ணிடம் யாராவது சொல்லிவிட்டால், அது அவருடைய சம்பளத்தில் கை வைக்கும் விஷயம்.

அதென்ன 'எஸ்', 'என்'?

சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்ற நூலில் இருந்து தொடங்கும் கதை இது. மனம் உலகத்தை உள்வாங்க இரண்டு வழி உண்டு என்றார் யுங். ஒன்று புலன்வழி. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எது எட்டுகிறதோ, அது அப்படியே. 'இங்கே ஒன்று இருக்கிறது' என்று சொல்வது அது. ஆங்கிலத்தில் 'சென்ஸிங்', சுருக்கமாக 'எஸ்'. இன்னொன்று, அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போகும், வேறு எதோடு சேரும் என்று பார்க்காமலேயே பிடிப்பது. அது 'இன்ட்யூஷன்'. அதற்கு 'ஐ' என்றுதானே எழுத்து வர வேண்டும்? 'இன்ட்ரோவர்ட்' என்ற அகமுகத்துக்கு 'ஐ' ஏற்கெனவே போய்விட்டது. அதனால் இரண்டாவது எழுத்தான 'என்'.

யுங் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்காக 1937 கடைசியில் புறப்பட்டு வந்தவர், கல்கத்தாவில் வயிற்றுப்போக்கில் படுத்தார். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் அப்போது ரமணர் இருந்தார். யுங் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பின்னால் அவரே எழுதினார். இரண்டாவது முறை இந்தியா வந்தாலும் போயிருக்க மாட்டேன் என்கிற மாதிரி எழுதியது இன்றும் விவாதிக்கப்படுகிறது. அது தனிக் கதை.

பிறந்ததே ஃபேக்டரி வாசலில்

யுங் எழுதியதை கேள்வித்தாளாக மாற்றியவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தாயும் மகளும். கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ். இருவருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. தாய் விவசாயம் படித்தவர். மகள் அரசியல் அறிவியல் படித்து, துப்பறியும் நாவல் எழுதியவர்.

இரண்டாம் உலகப் போர் காலம். ஆண்கள் போர்முனைக்குப் போக, அதுவரை வீட்டில் இருந்த பெண்கள் முதன்முறையாகத் தொழிற்சாலைக்குள் வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று அவர்களே தெரிந்துகொள்ள ஒரு கருவி வேண்டும் என்பது இசபெல்லின் எண்ணம். 1940களில் கேள்விகளை எழுதத் தொடங்கினார். 1962இல் அது முறையாக அச்சில் வந்தது.

ஆக, முதல் தலைமுறையாக ஷிப்ட்டுக்குப் போகும் பெண்களை மனதில் வைத்து உருவான சோதனை இது. கம்பெனி பஸ்ஸில் இருந்து கூட்டம் கூட்டமாக இளம்பெண்கள் இறங்கும் ஓசூர் வட்டாரத்துக்கு அந்தக் காட்சி ஒன்றும் புதிதில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். இந்தச் சோதனையை இப்போது வெளியிடும் நிறுவனமே, 'ஆள் எடுப்பதற்கோ, வேலை பிரிப்பதற்கோ இதைப் பயன்படுத்தக் கூடாது' என்றுதான் சொல்கிறது.

'உள்ளுணர்வு' என்ற சொல்லில் ஒரு சிக்கல்

தமிழில் 'இன்ட்யூஷன்' என்பதை 'உள்ளுணர்வு' என்று எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளுணர்வு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 'மனசுக்கு என்னமோ பட்டுச்சு' என்பது. அப்படிப் பார்த்தால் இருபது வருஷம் ஒரே மெஷினில் நின்ற சீனியர் ஆபரேட்டர்தான் பெரிய 'என்' ஆளாக இருக்க வேண்டும். ஷெட்டுக்குள் நுழையும்போதே சத்தத்தைக் கேட்டு "மூணாம் நம்பர் மெஷின்ல பேரிங் போகப் போகுது" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

அது மந்திரமும் இல்லை, சோதனை சொல்கிற 'என்'னும் இல்லை. ஆயிரக்கணக்கான மணி நேரம் காதால் கேட்டு, கையால் தொட்டுச் சேர்த்து வைத்த புலன் அனுபவம் சட்டென்று அடையாளம் காண்கிறது. அனுபவசாலிகளின் உள்ளுணர்வு என்பது ஏற்கெனவே பார்த்ததை மறுபடி அடையாளம் காண்பதுதான் என்று பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன் விளக்கினார். தீயணைப்பு வீரர்கள் நொடியில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த கேரி க்ளைனும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வந்தார். இந்தச் சீனியரை சோதனை எழுத வைத்தால் பெரும்பாலும் அழுத்தமான 'எஸ்' வரலாம்.

அப்போ 'என்' என்றால் என்ன? கண் முன்னால் இருப்பதை விட்டு நழுவி, அதன் அர்த்தத்துக்கும் சாத்தியத்துக்கும் தாவுகிற பழக்கம். அந்தத் தாவல் சரியாகவும் இருக்கலாம், சுத்தத் தப்பாகவும் இருக்கலாம். மூன்றாம் நம்பர் மெஷினின் சத்தத்தைக் கேட்டதும் "எல்லா மெஷின்லயும் ஒரு சென்சார் வெச்சு இந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணினா, பேரிங் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமே" என்று யோசனை ஓடினால் அது 'என்'. அப்படி யோசிப்பவருக்கு எந்த பேரிங் என்றே தெரியாமலும் இருக்கலாம்!

தமிழிலேயே ஒரு வேடிக்கை உண்டு. 'பொறி' என்றால் கண், காது முதலான ஐம்பொறி. பொறி என்றால் மெஷின். 'பொறி தட்டியது' என்றால் திடீரென்று தோன்றிய யோசனை. புலன், எந்திரம், யோசனை மூன்றும் ஒரே சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. தொல்காப்பியம் மரபியலும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்தும்போது தொடு உணர்வில் தொடங்கி, நா, மூக்கு, கண், செவி என்று ஏறி, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. மனம் அங்கே புலன்களுக்கு எதிர்க்கட்சி இல்லை, அதே வரிசையில் அடுத்த படி.

சரி, எப்படிப் பிரிப்பது?

ஒருவர் என்ன வேலை செய்கிறார் என்று பார்க்காதீர்கள். ஏதாவது புதிதாக வரும்போது, யாரும் எதுவும் சொல்லாத நிலையில், முதலில் எதை நோக்கிக் கை நீள்கிறது என்று பாருங்கள். களைத்துப்போய் இருக்கும் நேரம் என்றால் இன்னும் நல்லது. அப்போதுதான் பழக்கம் வெளியே வரும்.

புது மெஷின் வருகிறது. 'எஸ்' பக்கம் சாய்ந்தவர் அதைச் சுற்றி வருவார், பட்டனைத் தொட்டுப் பார்ப்பார், மேனுவலை முதல் பக்கத்தில் இருந்து பிரிப்பார், இல்லையென்றால் "ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, கத்துக்கறேன்" என்பார். 'என்' பக்கம் சாய்ந்தவர் "இது எந்தத் தத்துவத்துல ஓடுது?" என்று கேட்பார். அது புரிந்துவிட்டால் மேனுவலில் பாதியைத் தாண்டிவிடுவார். பிறகு தாண்டிய பாதியில் இருந்த எச்சரிக்கை பல்லைக் காட்டும்.

நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். இது இன்னும் நல்ல அடையாளம். "காலைல 9.10க்கு மீட்டிங். ஏழு பேர் இருந்தோம். மேனேஜர் ரெண்டு ஸ்லைடு போட்டார். டார்கெட் 400ல இருந்து 450" என்று வரிசையாக வந்தால் எஸ். "பெரிய ஆர்டர் ஒண்ணு வரப்போகுதுப்பா, அதுக்குத்தான் இந்தக் கூத்து" என்று நேராக முடிவுக்குப் போய்விட்டால் 'என்'. இவரிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால் யோசிப்பார். முதல் ஆளிடம் "அதனால என்ன?" என்று கேட்டால் அவர் யோசிப்பார்.

ஃபேக்டரிக்கு வெளியே வந்தால், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மாந்தோப்பு. உள்ளூரில் 'பெங்களூரா' என்று சொல்லும் கிளிமூக்கு மாங்காய் பெரும்பாலும் கூழ் ஆலைக்குப் போகிறது. பூ விட்டிருக்கும் தோப்புக்குள் இரண்டு விவசாயிகள் நடக்கிறார்கள். ஒருவர் கொப்பைத் தாழ்த்திப் பூங்கொத்தைப் பார்க்கிறார், தத்துப்பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார், போன வாரம் அடித்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் போடுகிறார். மற்றவர் தோப்பை ஒரு நோட்டம் விட்டு, "எல்லாருக்கும் இப்படிப் பூத்திருந்தா விலை படுத்துடும். ரெண்டு ஏக்கர்ல வேற ரகம் கட்டணும்" என்கிறார். முதலாமவர் இந்த வருஷத்து மரத்தைப் பார்க்கிறார். இரண்டாமவர் இன்னும் நடாத மரத்தைப் பார்க்கிறார். சந்தை விழுந்தால் முன்னவருக்கு அடி. பூச்சி விழுந்தால் பின்னவருக்கு அடி.

ஒரு எச்சரிக்கை. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து முடிவு கட்ட முடியாது. ரிப்போர்ட் எழுதியே பழகிய குவாலிட்டி இன்ஸ்பெக்டர் யாராக இருந்தாலும் நேரம், எண்ணிக்கையோடுதான் பேசுவார். அது வேலை கொடுத்த பழக்கம். வீட்டில் கல்யாணத்துக்குப் போய்வந்த கதையையும் அவர் அப்படித்தான் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

எதை வைத்துப் பிரிக்கக் கூடாது?

ஓசூரில் இருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி. தினமும் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். அதனாலேயே ஒரு சோம்பேறிக் கணக்கு எளிதாக ஒட்டிக்கொள்கிறது. மெஷினில் நிற்பவர் எஸ், கம்ப்யூட்டரில் உட்காருபவர் 'என்'. ஐ.டி.ஐ என்றால் எஸ், பி.இ என்றால் 'என்'. இது அபத்தம். ஒரு புரோகிராமில் எந்த வரியில் புள்ளி விட்டுப்போனது என்று நாள் முழுக்கத் தேடுவது சுத்தமான புலன் வேலை. கன்வேயர் அருகில் நிற்பவர் "இந்த ரெண்டு ஸ்டேஷனையும் இடம் மாத்தினா ஒரு ஆள் மிச்சம்" என்று கைஸன் தாளில் எழுதிப் போடுவது பார்க்காததைப் பார்ப்பது.

இணையத்தில் 'என்' என்றால் புத்திசாலி, தொலைநோக்குக்காரர் என்றும், எஸ் என்றால் சாதாரண ஆள் என்றும் ஒரு தோரணை இருக்கிறது. எளிய சோதனைகளில் எல்லோரும் 'என்' ஆக ஆசைப்பட்டு பதிலைத் தேர்வு செய்வதும் நடக்கிறது. 'நீங்கள் கற்பனை வளம் மிக்கவரா?' என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? சோதனை அளக்க முயல்வது எதை விரும்புகிறோம் என்பதைத்தான். எதில் திறமை என்பதை அது அளக்கவே இல்லை.

ஓசூருக்கே சொந்தமான ஓர் உதாரணம் இருக்கிறது. டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில்தான் கடிகாரத் தொழிற்சாலையை அமைத்தது. 1990களில், அதன் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய் காலத்தில், தண்ணீர் புகாத, ஆனால் மிக மிக மெல்லிய கைக்கடிகாரம் ஒன்று வேண்டும் என்ற யோசனை வந்தது. 2002இல் 'எட்ஜ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது. மொத்த கனம் 3.5 மில்லிமீட்டர். உள்ளே ஓடும் இயந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர்.

'இப்படி ஒன்று இருந்தால்?' என்று கேட்பது தாவல். ஆனால் 1.15 மில்லிமீட்டருக்குள் பேட்டரி, மோட்டார், பல்சக்கரம் எல்லாம் அடங்க வேண்டும். கண்ணாடி மெல்லியதாக ஆக ஆக நீர் அழுத்தத்தைத் தாங்குவது கஷ்டம். அங்கே ஒவ்வொரு மைக்ரானும் அளந்து பார்த்த கைதான் பேசும். அந்தக் கடிகாரத்தில் எஸ் எவ்வளவு, 'என்' எவ்வளவு என்று யாராவது பிரித்துக் கொடுக்க முடியுமா? அதில் வேலை செய்த ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டும் மாறி மாறி ஓடியிருக்கும்.

இந்த வட்டாரத்துத் தொழிலாளர்கள் பலருக்கும் பழக்கமான டோயோட்டாவின் 'ஐந்து ஏன்' முறையும் இப்படித்தான். மெஷின் ஏன் நின்றது? ஃபியூஸ் போனது. ஏன் போனது? பேரிங்குக்கு எண்ணெய் போகவில்லை. ஏன் போகவில்லை? பம்ப் இழுக்கவில்லை. ஏன்? பம்ப்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாமல் உலோகத் துகள் உள்ளே போயிருந்தது. ஒவ்வொரு பதிலையும் நேரில் போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஒவ்வொரு 'ஏன்'னும் பார்த்ததைத் தாண்டினால்தான் வரும்.

இந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

கொஞ்சமாக. ஐந்து வார இடைவெளியில் மறுபடி எழுதினால்கூட பாதிப் பேர் வரைக்கும் வேறு வகைக்கு மாறிவிடக்கூடும் என்று உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1993இலேயே சுட்டிக்காட்டினார். நான்கில் ஓர் எழுத்து மாறினாலும் வகை மாறிவிடும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். காரணமும் எளிது. மதிப்பெண்ணைப் படமாக வரைந்தால் எஸ் ஒரு குன்று, 'என்' ஒரு குன்று என்று இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லை. பெரும்பாலானோர் நடுவில்தான் குவிகிறார்கள். உயரத்தை 'குட்டை, நெட்டை' என்று இரண்டே பெட்டியில் போட்டால், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் இருப்பவர்கள் எதிரெதிர் ஜாதி ஆகிவிடுவார்கள் அல்லவா, அதே கதை.

அதற்காக மொத்தமும் குப்பை என்று தள்ளவும் முடியாது. ராபர்ட் மெக்ரே, பால் கோஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் ஒப்பிட்டபோது, எஸ் - என் அளவுகோல், ஆளுமை ஆய்வில் இன்று அதிகம் ஏற்கப்படும் ஐந்து பண்புகளில் ஒன்றான 'புதியதற்கு மனம் திறந்திருத்தல்' என்பதோடு வலுவாகப் பொருந்தியது. அதாவது ஏதோ ஒன்றை அது நிஜமாகவே தொடுகிறது. இரண்டு பெட்டியாக வெட்டுவதுதான் கோளாறு.

அமெரிக்காவில் எடுத்த மாதிரிக் கணக்கில் சுமார் 73 சதவீதம் பேர் எஸ், 27 சதவீதம் பேர் 'என்' என்று வந்தது. அதை அப்படியே தூக்கி வந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேல் வைப்பது சரியாக இருக்காது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசி வளர்ந்த ஒருவர் ஆங்கிலக் கேள்வியைப் படித்துப் பதில் போடும்போது, 'இமாஜினேட்டிவ்', 'பிராக்டிகல்' போன்ற சொற்களுக்கு அவர் மனதில் என்ன நிறம் என்பதும் சேர்ந்துதான் மதிப்பெண்ணாக வருகிறது. 'பிராக்டிகலா இரு' என்று வீட்டில் திட்டு வாங்கியே வளர்ந்தவருக்கும், அதையே பாராட்டாகக் கேட்டவருக்கும் அந்தக் கேள்வி ஒன்றில்லை.

கம்பெனியில் எழுதச் சொன்னால்?

முதலில் கேட்க வேண்டியது: இது பயிற்சிக்கா, இல்லை வேலை ஒதுக்கவா? டீமுக்குள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள என்றால் தாராளமாக எழுதலாம். "ஓ, அதனாலதான் அந்த அண்ணன் எதைச் சொன்னாலும் கணக்கு கேக்கறாரா" என்று ஒரு சண்டை குறைந்தால் அதுவே லாபம். எந்த ஷாப்பில் போடுவது, யாருக்கு புரமோஷன் என்று முடிவு செய்யத்தான் என்றால், வெளியீட்டு நிறுவனமே கூடாது என்று சொல்வதை எச்.ஆரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

அடுத்து, எழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அதிகாரபூர்வ அறிக்கையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில், அந்த விருப்பம் எவ்வளவு தெளிவாக வெளிப்பட்டது என்பதும் இருக்கும். 'லேசானது' என்பதில் இருந்து 'மிகத் தெளிவு' என்பது வரை அதில் படிகள் உண்டு. இலவச சோதனைகள் என்றால் சதவீதமாகக் காட்டும். எஸ் 52 சதவீதம் என்று வந்திருந்தால், நைட் ஷிப்ட் முடித்த தூக்கக் கலக்கத்தில் எழுதினீர்களா, வார விடுமுறையில் எழுதினீர்களா என்பதே அந்த எழுத்தை மாற்றிவிடப் போதும்.